இடது பக்கத்து டான்சில்

என் கணவரின் முகத்தைத் தெரிந்தவர்களைவிட அவர் குரலைத் தெரிந்தவர்கள்தான் காஞ்சிபுரத்தில் அதிகம். ஆட்டோவின் மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஆடித் தள்ளுபடி, இலவசக் கண் சிகிச்சை முகாம், நாளைக்குக் குடிநீர் வராது, புதிதாகத் திறக்கிற பிரியாணிக் கடை என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போகிறவர் அவர். இப்போதெல்லாம் பதிவு செய்ததைத்தான் ஓட விடுகிறார்கள். அவரும் பதிவு செய்வார். ஆனால் திருவிழா என்று வந்துவிட்டால் மைக்கைக் கையில் பிடித்தாக வேண்டும். கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளையின் சட்டை என்ன நிறம் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியாதே.

அந்தக் குரல் மாறிப்போனதை நான் கண்டுபிடிக்கவில்லை. தினமும் கூடவே இருந்ததால் என் காதுக்கு அது எட்டவில்லை. பாய்தான் வந்து சொன்னார். பாய் என்றால் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், என் கணவரின் நெடுநாள் நண்பர். ஆட்டோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் பாயுடையவை. ஆட்டோவை ஓட்டுவதும் பாய்தான். குரல் மட்டும் இவருடையது.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. இவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார், வாசலில் நின்றபடி.

"ஏண்ணே?"

"காந்தி ரோட்டுல ரெண்டு கடைக்காரங்க கேக்குறாங்க, என்னா பாய், ஆள மாத்திட்டியா, யாரு இது புதுசான்னு. வாயில சூடா இட்லிய வச்சிக்கினு பேசுற மாதிரி இருக்குது. நான் மைக்குதான் போயிடுச்சின்னு வேற மைக்க மாட்டுனேன். மைக்குல ஒண்ணும் இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் கவனித்துக் கேட்டேன். பாய் சொன்னது சரிதான். 'ழ' வருகிற இடத்திலெல்லாம் நாக்கு எங்கேயோ இடித்துக்கொண்டது. சோற்றை வழக்கத்துக்கு மாறாகக் குழைய வடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்ச நாளாகவே. குறட்டையும் கூடியிருந்தது. வயதாகிறது, உடம்பு போடுகிறது என்று நான் அதையெல்லாம் தனித்தனியாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனை டாக்டரிடம் போனார். தொண்டையில் புண் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, குரல் திரும்பவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார். உப்புத் தண்ணீர், மிளகுப் பால், சுக்குக் கஷாயம் எல்லாம் நடந்தன. "வலி இல்ல, ஜுரம் இல்ல. எதுக்கு இத்தன மாத்திர?" என்று அவரே ஒருநாள் நிறுத்திவிட்டார்.

எங்கள் மகள் ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் டார்ச்சோடு போய் எதிரில் நின்றாள்.

"அப்பா, வாயத் தொற. இன்னும். ஆ சொல்லு."

"ஆ."

"அம்மா, இங்க வாம்மா. ஒரு பக்கம் மட்டும் என்னமோ பெருசா இருக்குது."

நான் போய்ப் பார்த்தேன். உள்நாக்குக்கு வலப்பக்கம் டான்சில் அதன் இடத்தில் அடங்கிக் கிடந்தது. இடப்பக்கத்து டான்சில் நடு வழிக்கு வந்து, உள்நாக்கைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிவப்பு இல்லை, சீழ் இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை. சும்மா பெரிதாக இருந்தது.

"மாத்திரைக்குக் கேக்குறதுக்கு இது புண்ணே இல்ல. ஈஎன்டி டாக்டரப் பாக்கலாம்" என்றேன். அதைச் சாதாரணமாகச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், அந்த டாக்டர் எழுதிய குறிப்பு எங்கள் கம்பெனிக்கு வரும். அதைச் சார்ட் என்போம். அதைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய கோடுகளை, அதாவது குறியீடுகளை, போட வேண்டும். ஒரு எழுத்து, பிறகு எண்கள். அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பது அதைத்தான். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு படித்துத் தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தேன். இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது. மீட்டிங்கில் நான் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். கம்பெனியில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

எனக்கு வருவது பெரும்பாலும் காது, மூக்கு, தொண்டை. டான்சில் பெரிதாகியிருந்தால் ஜே 35.1. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் சேர்ந்து பெரிதாகியிருந்தால் ஜே 35.3. பிள்ளைகளின் சார்ட்டில் இவை வராத நாள் கிடையாது. வாயால் மூச்சு விடுகிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று டாக்டர் எழுத ஆரம்பிக்கும்போதே என் விரல் ஜே எழுத்துக்குப் போய்விடும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் பெரிது, வலி இல்லை, ஜுரம் இல்லை என்று வந்தால், அடுத்த வரியில் டாக்டர் எதைப் பற்றிக் கவலைப்படுவார் என்று எனக்குத் தெரியும். டான்சிலில் வருகிற புற்றுநோய்க்கு உரிய கோடு சி 09 என்று தொடங்கும்.

மறுநாளே போனோம். ஈஎன்டி டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, நாக்கை அழுத்தி நன்றாகப் பார்த்தார். கையுறை போட்ட விரலால் டான்சிலைத் தொட்டுப் பார்த்தார். இவருக்குக் குமட்டியது. பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழே நிதானமாகத் தடவிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"எடை கொறைஞ்சிதா?"

"இல்லீங்க, ஏறிக்கினுதான் போகுது."

"காது வலிக்குதா? எச்சில்ல ரத்தம் வந்துச்சா?"

"இல்லீங்க."

"பீடி, சிகரெட், பாக்கு?"

"பொகையில போடுவேன் டாக்டர். பொண்ணு அழுது சண்ட போட்டா. வுட்டு ரொம்ப வருஷம் ஆவுது."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கழுத்துல கட்டி எதுவும் தட்டுப்படல. அது நல்ல விஷயம். பெரும்பாலும் இது சும்மா பெருசானதாத்தான் இருக்கும். ஆனா ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு பெருசா இருந்தா நாங்க விட்டு வைக்க மாட்டோம். ரெண்டையும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்."

"ரூல் அவுட் பண்றதுக்கா டாக்டர்?" என்று, அந்த நோய் இல்லை என்று உறுதி செய்வதற்கு சார்ட்டில் எழுதுகிற வார்த்தை என் வாயில் வந்துவிட்டது.

"நீங்க மெடிக்கலா?"

"இல்ல டாக்டர், கோடிங் பண்றேன்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சி நான் மறைக்க முடியாது" என்று சிரித்தார். "ஆமா, அதுக்குத்தான். ஆனா நீங்க வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல தேடாதீங்க. தேடுனா கெட்டதுதான் மொதல்ல வரும்."

நான் எதையும் தேடவில்லை. தேடுவதற்குப் புதிதாக எதுவும் இல்லையே.

வீட்டுக்கு நேராகப் போகாமல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க நின்றோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, தினசரி விஷயம் எதையோ கேட்பதுபோல் கேட்டார்.

"ஏம்மா, கேன்சரான்னுதான் பாக்குறாங்க, இல்ல?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "ஆமாங்க. ஆனா இருக்கணும்னு இல்ல. இல்லாமப் போறதுக்குத்தான் நெறைய வாய்ப்பு."

"நீ இந்த மாதிரி நெறைய படிப்பியே. அதுல என்னா வரும்?"

"ரெண்டும் வரும்ங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். "சரி. பாப்பாகிட்ட மறைக்க வேணாம். அவதான கண்டுபுடிச்சா, அவளுக்குத் தெரியணும்" என்றார். எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கியது. அவரிடம் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வளைய வருவதை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்திருந்தேன்.

மகளிடம் அவரே சொன்னார். அவள், "ஆப்ரேஷன் அன்னிக்கி நான் லீவு போடுவேன். வேணாம்னு சொல்லாதீங்க" என்றாள். யாரும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரத்தில் அவர் தினமும் பாய் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வேலை இல்லாத நாட்களிலும் போனார். எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வராததால் நானே போய்ப் பார்த்தேன். கடையின் பின்னறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கனத்த குரலிலேயே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் கவுன் அணிந்த பெண் குழந்தை... பச்சை நிறச் சட்டை அணிந்த ஆண் குழந்தை... நீல நிற டவுசர்... காவல் உதவி மையத்தில் பத்திரமாக இருக்கிறது... பெற்றோர் உடனே வரவும்..."

எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொல்லி வைத்துவிட்டால், திருவிழாவின்போது பாய் தேவையானதை ஒட்டிக்கொள்ளலாம் என்று அவருடைய எண்ணம். ஆப்ரேஷனுக்கு அப்புறம் குரல் எப்படி இருக்குமோ, இருக்குமோ இருக்காதோ.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நீயாவது சொல்லு தங்கச்சி. மூணு நாளா இதே வேல. செவப்பு கவுனு, கட்டம் போட்ட கவுனு, பூப்போட்ட கவுனு. ஊர்ல இருக்குற அத்தன கவுனும் சொல்லியாச்சி." பிறகு உள்ளே திரும்பி, "டேய், நான் எதையும் ஒட்ட மாட்டேன். கருட சேவைக்கி நீயே வந்து சொல்லு. இதெல்லாம் அழிக்கப் போறேன்" என்றார். சொன்னபடியே என் கண் முன்னால் அழிக்கவும் செய்தார். என் கணவருக்குக் கோபம் வந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, எடுத்ததைச் சின்ன பாட்டில்களில் காட்டினார். வலது பக்கத்தது ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. இடது பக்கத்தது நல்ல பலாக்கொட்டை அளவுக்கு இருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பார்த்து, "இத வச்சிக்கினா அப்பா இத்தன நாளா பேசினாரு?" என்றாள்.

"ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் பேசக் கூடாது, காரம் கூடாது, சூடு கூடாது. ஐஸ்கிரீம் குடுங்க" என்றார் டாக்டர்.

பேசியே பிழைத்த மனிதர் பேசாமல் இருந்த அந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. தண்ணீர் வேண்டும் என்றால் கையைத் தட்டுவார். ஃபேனைக் கூட்ட வேண்டும் என்றால் விரலைச் சுழற்றுவார். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் போனில் தட்டி எனக்கு அனுப்புவார். நான் சமையலறையிலும் அவர் கூடத்திலுமாக, ஒரே வீட்டுக்குள் மெசேஜ் பறந்தது. 'சாம்பார் வாசன வருது. கொடுமையா இருக்கு' என்று ஒரு மெசேஜ். பாய் தினமும் ஐஸ்கிரீமோடு வந்து, எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லுவார். "இப்பதான்டா உன்கிட்ட நான் ஒழுங்கா பேச முடியுது. நடுவுல நடுவுல பூந்து பேசிக்கினே இருப்ப" என்பார்.

வெளியே இப்படி. எனக்குள்ளே வேறு மாதிரி இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய் எடுத்தேன். லீவு போட்டால் உட்கார்ந்து அதையே நினைக்க வேண்டியிருக்கும் என்று வேலைக்கு உட்கார்ந்தேன். அது தவறான கணக்காகப் போயிற்று. ஒரு காலையில் ஒரு சார்ட் வந்தது. வயதான ஒருவர். வலது பக்க டான்சில் பெரிது. டாக்டர் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார். படித்தேன், கோடு போட்டேன், அடுத்ததுக்குப் போனேன்.

மதியம் எங்கள் டீம் லீடர் போனில் கூப்பிட்டாள். என்னிடம் பயிற்சி எடுத்து, என்னைத் தாண்டி மேலே போன பெண். எங்கள் வேலையை அனுப்புவதற்கு முன் சரிபார்ப்பது அவள்தான்.

"அக்கா, காலைல ஒரு டான்சில் சார்ட் பண்ணியிருக்கீங்க. சி ஜீரோ நைன் போட்டிருக்கீங்க."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "எது?"

"டாக்டர் கேன்சரான்னு பாக்கணும்னுதான்கா எழுதியிருக்காரு. இருக்குதுன்னு எழுதல. ரிசல்ட்டே வரல."

திறந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஆஸ்பத்திரியில் படுக்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளிக்கு, டாக்டர் 'இருக்கலாம்' என்று எழுதியதை 'இருக்கிறது' என்று நாங்கள் போடவே கூடாது. அது இந்த வேலையில் முதல் வாரத்துப் பாடம். நிச்சயமாகத் தெரிந்தது டான்சில் பெரிதாக இருக்கிறது என்பது மட்டும்தான், அதை மட்டும்தான் போட வேண்டும். நான் முகம் தெரியாத ஒரு மனிதருக்கு, அவருடைய டாக்டரே சொல்லாத புற்றுநோயை எழுதி வைத்திருந்தேன்.

"ஆமாம்மா. ரிசல்ட் வரல" என்றேன். அதையே இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"அக்கா? என்னாச்சி?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகத்தில் யாருக்கும் அதுவரை தெரியாது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் எங்கள் இரண்டு பேர் காதிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. டாக்டருக்கே தெரியாதத நாம எழுதக் கூடாதுன்னு."

"ஆமாம்மா."

"அப்ப அண்ணனுக்கும் எழுதாதீங்க."

அழுதுவிட்டேன். அவள் காத்திருந்தாள். பிறகு, வேலை பேசுகிற குரலுக்கு மாறி, "இந்த வாரம் உங்களுக்கு ஈஎன்டி கெடையாது. கை கால் ஒடஞ்ச சார்ட்டா அனுப்புறேன்" என்றாள். அப்படியே அனுப்பினாள். மரத்திலிருந்து விழுந்தவர், பனியில் வழுக்கியவர், நாய் இழுத்துக் கணுக்காலை முறித்துக்கொண்டவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் குணமாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு கோடு போட்டேன். அந்த வாரத்தை நான் கடந்தது அந்த உடைந்த எலும்புகளால்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். 'ரிப்போர்ட் வந்திருக்குது, டாக்டர் வரச் சொன்னாங்க' என்று மட்டும் சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்று குரலை வைத்து அறிய முயன்றேன். முடியவில்லை. பாய் ஆட்டோவில் எங்களைக் கொண்டுபோய் விட்டார். ஸ்பீக்கரைக்கூட அவிழ்க்கவில்லை. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

டாக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கதவைத் திறந்து உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார். "ஒண்ணும் இல்ல. ரெண்டுலயும் கெட்டது எதுவும் இல்ல. வெறுமனே பெருசாகியிருக்கு, அவ்வளவுதான்."

இவர் அசையாமல் நின்றார். பேசக் கூடாது என்பதை மறந்து, காற்றாக வந்த குரலில் கேட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் முதலில் சொன்னதைவிடச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொன்னார். "கேன்சர் இல்ல. வெறும் டான்சில்."

அவர் என் கையைப் பிடித்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசையில் நின்றது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு. எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. "நல்லா சிரிங்க, பரவால்ல. அடுத்த பேஷன்ட் கொஞ்சம் வெயிட் பண்ணட்டும்" என்றார்.

வெளியே ஆட்டோவுக்குப் பக்கத்தில் பாய் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்தும் எதிரே வரவில்லை. நான் கையை ஆட்டி, ஒன்றும் இல்லை என்று காட்டினேன். "அல்ஹம்துலில்லா" என்று ஆட்டோவின் மேல் ஓங்கித் தட்டினார். பூட்டாமல் விட்டிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் கதவு திறந்துகொண்டு அவர் முழங்கையில் இடித்தது.

மகளுக்குப் போன் செய்தேன். கல்லூரிப் பேருந்தில் ஏறப்போகிற நேரம். விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட கூச்சலில் நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "அம்மா, பஸ்ஸே என்னத் திரும்பிப் பாக்குது. பரவால்ல. அப்பாகிட்ட குடு."

"பேசக் கூடாதும்மா அவரு."

"நான் பேசுறேன். அவரு கேக்கட்டும்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நடைபாதை ஓரமாக நின்று, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று இரண்டு பேருமே இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

என் கம்பெனி இன்சூரன்ஸுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைச் சாயங்காலம்தான் படித்தேன். என் கணவரின் பெயர், வயது, அதற்குக் கீழே நோய் என்ற இடத்தில் ஜே 35.1. எத்தனையோ ஆண்டுகளாக நான் தட்டிய கோடு. அதன் பக்கத்தில் தெரிந்த ஒருவர் பெயரை அதுவரை பார்த்ததில்லை. இந்தக் கோடில் இடது வலது கிடையாது. ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதுகூட அதற்கு வேண்டாம். இதற்காகவா இத்தனை நாள் என்று இருந்தது. பூஜை அறையில் வைக்கலாமா என்று யோசித்தேன். அசட்டுத்தனமாகப் பட்டது. பீரோவில் வைத்துவிட்டு, அவருக்கு மோர் சாதம் பிசையப் போனேன்.

குரல் ஒரே நாளில் வரவில்லை. முதலில் கிசுகிசுப்பாக, பிறகு கரகரப்பாக, பிறகு ஒரு நாள் காலையில் தெளிவாக வந்தது. 'ழ' ஒழுங்காக வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் மேலேறி இருந்தது. அவருக்கு அதில் வருத்தம். பாய் கேட்டுப் பார்த்துவிட்டு, "ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் கொஞ்சம் ஏத்தி வச்சா சரியாப் பூடும். அதுக்குத்தான நான் இருக்கேன்" என்றார். முதல் வேலை ஒரு ஜவுளிக் கடை அறிவிப்பு. ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். தறியை மீறி அவர் குரல் கேட்டது. டீம் லீடர், "அக்கா, அண்ணனா?" என்றாள். "ஆமா" என்றேன். "ஆஃபர் எத்தன நாளைக்கின்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கடைசியாக ஒரு தடவை டாக்டர் வரச் சொல்லியிருந்தார். போனோம். விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், மூக்கையும் காதையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். "எல்லாம் நல்லா ஆறியிருக்கு. இனிமே நீங்க என்கிட்ட வரவே வேண்டாம்" என்றார்.

இவர் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் அறிவிக்கும் குரலில் சொன்னார். "காஞ்சிபுரம் வாழ் பொதுமக்களுக்கு ஒரு நற்செய்தி. நமது டாக்டர் அம்மா அவர்கள், இனிமேல் என்னை வரவே வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டுள்ளார்கள்."

வெளியே காத்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

பசித்தது இரண்டு பேருக்கும். எதிரில் இருந்த ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். அவர் சர்வரைக் கூப்பிட்டு ஒரு மிளகாய்ப்பொடி தோசை சொன்னார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டா குடுப்பா. நல்லா மொறுமொறுன்னு" என்றார்.